பங்குனி முதல் ஆனி வரை: உழவர் சந்தையில் கோடை விளைச்சலை வாங்குவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோடையில் காய்கறி வாங்குவதே பெரும்பாடு என்று அலுத்துக்கொள்கிறவர்களில் பலர், எழுதிய பட்டியலோடு சந்தைக்குப் போகிறவர்கள். கார்த்திகை, மார்கழியில் சமைத்த அவரைக்காயையும் காலிஃபிளவரையும் பச்சை மொச்சையையும் நினைத்துக்கொண்டு சித்திரையில் கடை கடையாக ஏறி இறங்கினால், கிடைப்பது வாடல். கேட்பது உச்ச விலை. பீன்ஸ் விலை ஏறுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். அதே காலையில், அதே சந்தையில், முருங்கைக்காய் கட்டுக்கட்டாகக் குவிந்து வாங்க ஆளில்லாமல் கிடக்கும். மாங்காய் மலிந்திருக்கும். பரங்கிக்காயும் வெள்ளைப்பூசணியும் தரையில் உருண்டு கிடக்கும்.

கோடைச் சந்தைக்குப் பட்டியல் உதவாது, கணக்கு உதவும். இன்றே தின்று தீர்க்க வேண்டியவை, ஒரு வாரம் தாங்குபவை, ஓர் ஆண்டுக்கு எடுத்துவைப்பவை என்று மூன்று கணக்குகள். ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போதே அது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு வாங்குவது, எந்தப் பதத்தில் வாங்குவது, வீட்டில் எங்கே வைப்பது என்ற மூன்றுக்கும் விடை வந்துவிடும்.

முதல் படி: சந்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அப்போதைய முதலமைச்சர் கருணாநிதியின் திட்டம் அது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரடியாக விற்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதனால் அதிகாரிகள் சரிபார்த்து அடையாள அட்டை கொடுத்த விவசாயிகளே உள்ளே கடை போட முடியும். கடைக்கு வாடகை கிடையாது. தராசும் சந்தையிலேயே கொடுக்கப்படுகிறது.

விலையை விற்பவர் நினைத்தபடி வைப்பதில்லை. மொத்தச் சந்தை விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் இருக்கும்படி அன்றன்று காலையில் நிர்ணயித்து, வாசலில் பலகையில் எழுதிவைக்கிறார்கள். உள்ளே நுழையும் முன் அந்தப் பலகைக்கு முன்னால் சிறிது நேரம் நில்லுங்கள். எது மலிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மதியச் சமையலை அங்கேயே முடிவு செய்யலாம். பலகை விலைக்குக் கீழே பேரம் பேசுவது எனக்கு உடன்பாடானதல்ல. அந்த 20 விழுக்காடுதான் விடியுமுன் மூட்டையோடு பஸ் ஏறி வந்தவருடைய கூலி. கடைசி நேரத்தில் மிச்சக் கீரையை அவரே குறைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அது வேறு.

விவசாயி பெயரில் வியாபாரிகள் நுழைந்துவிடுகிறார்கள் என்ற குறை பல ஊர்களில் நெடுநாளாக உண்டு. அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. ஒரே தோட்டத்தில் விளையக்கூடியவைதான் ஒருவரிடம் இருக்கும்: கத்திரியும் வெண்டையும் பச்சை மிளகாயும் கொத்தவரையும் என்றால் நம்பலாம். சமவெளிச் சந்தையில் ஒரே கடையில் மலைக் கேரட்டும் கிருஷ்ணகிரி மாம்பழமும் பண்ருட்டிப் பலாவும் இருந்தால் அது தோட்டத்திலிருந்து வந்த கடையல்ல. ஒரு கேள்வி போதும்: "எப்போது பறித்தீர்கள்?" பறித்தவர் நேற்று மாலை, இன்று விடியற்காலை என்று தயங்காமல் சொல்வார், கூடவே தண்ணீர் இல்லை, அணில் தொல்லை, பூ உதிர்ந்துவிட்டது என்று தோட்டத்துக் கதையும் வரும். அந்தக் கதையைக் கேளுங்கள். அடுத்த வாரம் எது குறையும், எது கூடும் என்பது அதற்குள் இருக்கிறது.

இரண்டாம் படி: எந்த மாதத்தில் எது

கோடை என்று மொத்தமாகச் சொன்னாலும் சந்தையில் அது நான்கு தனித்தனிப் பருவங்கள்.

பங்குனியில் புதுப்புளி வரும். மாவடு மாசியிலேயே தலைகாட்டி, பங்குனியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். தர்பூசணி நிறைய இருக்கும். கொடுக்காப்புளி, முந்திரிப்பழம் போன்றவற்றைச் சிறு கூடைகளில் கொண்டுவருவார்கள். வேப்பம்பூ கொட்டத் தொடங்குவதும் இப்போதுதான். அது சந்தையில் தேட வேண்டிய பொருளல்ல. மரத்தடியில் துணி விரித்தால் போதும். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடிக்கு ஆனது போக மிச்சத்தை நிழலில் உலர்த்தி வைத்தால் ரசத்துக்கு ஆண்டு முழுவதும் வரும்.

சித்திரையில் நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, முருங்கைக்காய், முதல் மாம்பழங்களான செந்தூராவும் பங்கனப்பள்ளியும். பலாப்பழ வரத்து கூடத் தொடங்கும். எலுமிச்சை விலை ஏறுவதும் இந்த மாதத்தில்தான். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் பானகத்துக்கும் நீர்மோருக்கும் எலுமிச்சை எவ்வளவு போகும் என்பது ஊருக்கே தெரியும்.

வைகாசி மாம்பழத்தின் மாதம். இமாம் பசந்த், காலாபாடி, மல்கோவா எல்லாம் அடுத்தடுத்து வரும். கத்திரி வெயில் மே மாதத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதால் கீரையும் தக்காளியும் நலிந்து போகும். வற்றல் போட மட்டும் இதைவிட நல்ல காலம் கிடையாது. நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து பிளம்ஸ், பீச் பழங்களும் இப்போது இறங்கும்.

ஆனியில் நீலம் மாம்பழமும் நாவல்பழமும் வந்தால் கோடை முடிகிறது என்று பொருள். தருமபுரிப் பக்கத்தில் பயிராகும் பேரீச்சை, உலராத பச்சைப் பழமாகக் கொத்தோடு விற்பனைக்கு வருவதும் ஏறக்குறைய இதே சமயம்தான்.

மூன்றாம் படி: நேரமும் பைகளும்

காலை ஆறரை மணிக்குள் போய்விடுங்கள். கோடையில் இது வெறும் அறிவுரையல்ல. பறித்த கீரை எட்டரை மணி வெயிலுக்கே தலை தொங்கிவிடும். அதன்பின் தண்ணீர் தெளித்துத் தெளித்து நிமிர்த்திய கீரைதான் கிடைக்கும், அது வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் அழுகத் தொடங்கும்.

இரண்டு துணிப்பைகள், ஒரு கூடை, ஒரு ஈரத்துண்டு. கனமான காய்கள் ஒரு பையில், வெண்டை, மிளகாய் போன்றவை இன்னொன்றில், பழத்துக்குக் கூடை. ஈரத்துண்டு கீரைக்கும் கொத்தமல்லிக்கும் கறிவேப்பிலைக்கும். சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பலரிடம் கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதி இருந்தாலும், ஒரு கட்டுக் கீரை விற்கும் பாட்டியிடம் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவது நியாயமில்லை.

முதல் சுற்றில் எதையும் வாங்காமல் ஒரு முறை முழுச் சந்தையையும் நடந்துவிடுங்கள். இரண்டாம் சுற்றில் முதலில் கீரை. நேரமாக ஆகத் தீர்ந்துபோவது அதுதான். பிறகு பூசணி, சுரை போன்ற கனத்தவை. அதற்குமேல் கத்திரி, வெண்டை. மாம்பழமும் நுங்கும் கடைசியில், வீட்டுக்குத் திரும்பும் வழியில்.

நான்காம் படி: இன்றைக்கே தீர வேண்டியவை

நுங்கில்தான் கோடைச் சந்தையில் அதிகமானவர்கள் ஏமாறுகிறார்கள். இளநுங்கின் கண்ணை விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கும். உள்ளே தண்ணீர் இருக்கும். சதை கண்ணாடிபோல் தெரியும். முற்றினால் சதை வெள்ளைவெளேரென்று தடித்துக் கடினமாகிவிடும். அதைக் கடுக்காய் என்று ஒதுக்குவார்கள். மென்று தின்றால் வயிறு வலிக்கும். அதனால் குலையைப் பார்த்து விலை பேசாமல், ஒரு காயைச் சீவச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரே குலையில் உள்ள காய்கள் பெரும்பாலும் ஒரே பதத்தில் இருக்கும். உரித்துப் பையில் தண்ணீரோடு கட்டி வைத்திருப்பதை நான் வாங்குவதில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது, நுங்கின் சொந்தத் தண்ணீரும் அதில் போயிருக்கும். பழுப்பு நிற மேல்தோல் துவர்க்கும். பெரியவர்கள் தோலோடு சாப்பிடலாம். சிறு குழந்தைகளுக்கு உரித்துவிட்டுச் சிறு துண்டுகளாகக் கொடுங்கள், வழுக்கித் தொண்டையில் சிக்கக்கூடியது.

பதநீரும் விடியற்காலைப் பொருள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால்தான் அது புளிக்காமல் இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு தெருவோரத்தில் கிடைக்கும் பதநீரில் தண்ணீரும் சர்க்கரையும் எவ்வளவு என்று சொல்ல முடியாது. காலை ஏழு மணிக்குள் கிடைத்தால் அங்கேயே குடித்துவிடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

வெள்ளரிப்பிஞ்சு விரல் நீளத்தில், தோலில் மெல்லிய சுணையோடு இருந்தால் புதியது. ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. காம்புப் பக்கம் சிறிது கடித்துப் பாருங்கள். தண்ணீர்ப் பற்றாக்குறையில் வளர்ந்த கொடியில் கசப்பு ஏறும். நன்றாகப் பழுத்து வெடித்த வெள்ளரிப்பழம் கிடைத்தால் அன்று மாலையே வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துச் சாப்பிட்டுவிட வேண்டும். இரவு தாங்காது.

கீரையில் இந்த மாதங்களில் எல்லாம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பருப்புக்கீரை, பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை ஆகியவை வெயிலைத் தாங்கும். இலையில் ஓட்டை இருந்தால் ஒதுக்க வேண்டியதில்லை. வேரோடு பிடுங்கிய கட்டு என்றால், வீட்டில் வேர் மட்டும் மூழ்கும்படி தண்ணீரில் நிறுத்திவைத்தால் மாலை வரை நிற்கும்.

ஐந்தாம் படி: வாரக் கணக்கு — முதலில் மாம்பழம்

மாம்பழம் வாங்குவதில் பாதி வேலை, எந்த வகையை எந்த மாதத்தில் கேட்பது என்பதுதான். சித்திரைத் தொடக்கத்தில் மல்கோவா கேட்டால் பிஞ்சிலே பறித்துப் பழுக்க வைத்ததைத்தான் கொடுப்பார்கள். முதலில் வருவது செந்தூராவும் பங்கனப்பள்ளியும். செந்தூராவின் தோளில் சிவப்பு படர்ந்திருக்கும். பார்க்க அழகு, சுவையில் நடுத்தரம். பங்கனப்பள்ளியில் நார் குறைவு, துண்டு போட ஏற்றது. இமாம் பசந்த் தோல் பச்சையாக இருக்கும்போதே பழுத்துவிடும். மஞ்சளாகட்டும் என்று காத்திருந்தால் உள்ளே கெட்டுப்போகும். பெயரில்லாத பழம்போல் கடையோரம் கிடக்கும் காலாபாடியை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். விலைக்கும் சுவைக்கும் அதைவிடப் பொருத்தமான பழம் எனக்குத் தெரியவில்லை. உருண்டையாகக் கனக்கும் மல்கோவா சேலத்துக்காரர்களின் பெருமை, விலையும் அப்படித்தான். கிளிமூக்கு என்கிற பெங்களூரா பழமாக வாங்குவதற்கல்ல. அரைக்காயாகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்பதற்கு அதற்கு நிகரில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கு அதிகமாகப் போவதும் அதுதான்.

காய் விளைந்ததா என்று பார்க்கக் காம்பைப் பாருங்கள். விளைந்த காயில் காம்பைச் சுற்றியுள்ள தோள் மேலெழும்பி, காம்பு சற்றுப் பள்ளத்தில் இருக்கும். பிஞ்சில் தோள் சரிந்து காம்பு மேலே துருத்தும். வீட்டில் இன்னொரு சோதனை உண்டு: வாளித் தண்ணீரில் போட்டால் விளைந்தது மூழ்கும், விளையாதது மிதக்கும். மிதப்பவற்றைப் பழுக்க வைக்க முயலாமல் பச்சடிக்கும் ஊறுகாய்க்கும் அனுப்பிவிடுங்கள்.

கல் வைத்துப் பழுக்க வைப்பது பற்றிய அச்சம் நியாயமானது. கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் தடை செய்திருக்கின்றன. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்றவை கலந்திருக்கக்கூடும் என்பதே காரணம். எத்திலீன் வாயுவுக்கு, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மிகாமல், அனுமதி உண்டு. அது பழம் தானே உண்டாக்கும் வாயுதான். கடையில் நின்று பார்த்து இது கல்லில் பழுத்தது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கூடை முழுவதும் ஒரே சீரான மஞ்சள், காம்பருகே வாசனையே இல்லை, அமுக்கினால் கல்போல் இருக்கிறது என்றால் விட்டுவிடுவது நல்லது. மரத்தில் விளைந்த பழங்கள் ஒன்றுபோல் இருக்காது. கரும்புள்ளியும் பால் வடிந்த தழும்பும் இருக்கும். தழும்பு பழத்தின் குறையல்ல.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் விளைந்த காயாக வாங்குங்கள். என் பரிந்துரை எப்போதும் இதுதான். காம்பைக் கீழ்நோக்கி வைத்துப் பால் வடியவிட்டு, வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ செய்தித்தாள் சுற்றியோ வைத்தால் நான்கைந்து நாட்களில் வரிசையாகப் பழுக்கும். இரண்டு வாழைப்பழத்தைக் கூட வைத்தால் இன்னும் விரைவாகும். தினமும் ஒருமுறை புரட்டிப் பார்த்து, வாசனை வந்ததை எடுத்துவிடுங்கள். பழுக்காத காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. குளிர் பட்ட காய் பிறகு ஒழுங்காகப் பழுக்காது, தோல் கறுத்துச் சப்பென்று போகும். சாப்பிடும் முன் அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைப்பது நல்ல பழக்கம்; தோலில் ஒட்டிய பாலும் தூசும் போகும்.

வாரக் கணக்கு: பலாவும் தர்பூசணியும்

பலாவில் பண்ருட்டி பெரும்பெயர், கொல்லிமலைப் பலாவுக்கும் தனி ரசிகர்கள் உண்டு. பழுத்த பலாவின் முட்கள் பரந்து மழுங்கியிருக்கும், தட்டினால் மந்தமான ஒலி வரும், வாசனை நாலடி தள்ளியே வரும். சுளை கெட்டியாக இருக்கும் வகை, குழைந்திருக்கும் வகை என இரண்டு உண்டு. எது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு முழுப்பழம் தேவையில்லை, பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். வெட்டுமுன் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு நாள் முழுவதும் போகாது. கொட்டையை வீச வேண்டாம். நிழலில் காயவைத்தால் இரண்டு வாரத்துக்குக் குழம்புக்கும் பொரியலுக்கும் ஆகும்.

தர்பூசணியில் தட்டிப் பார்ப்பதைவிடத் தரையில் பட்ட இடத்தைப் பார்ப்பது மேல். அந்தத் திட்டு வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே முதிர்ந்தது. வெளிறிய வெள்ளையாக இருந்தால் அவசரமாகப் பறித்தது. 2025 கோடையில் தர்பூசணிக்குள் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, விலை சரிந்து விவசாயிகள் பெரும் நட்டம் அடைந்தார்கள். ஊசி குத்திய பழம் துளை வழியே விரைவில் கெட்டுவிடும் என்பதை நினைத்துப் பார்த்தாலே, குவியல் குவியலாக அப்படிச் செய்வது வியாபாரத்துக்கு ஒத்துவராது என்பது புரியும். ஐயம் இருந்தால் முழுப்பழமாக வாங்கி வீட்டில் வெட்டி, வெள்ளைத் துணியால் சதையை ஒற்றிப் பாருங்கள். முலாம்பழத்துக்கு மூக்கே போதும். காம்புக்கு எதிர்ப்பக்கத்தில் இனிப்பு வாசனை வந்தால் பழம். அதன் சொரசொரத் தோலில் மண்ணும் கிருமியும் தங்கும் என்பதால், வெட்டுமுன் தேய்த்துக் கழுவுங்கள். கத்தி அந்த அழுக்கைச் சதைக்குள் இழுத்துப் போகும்.

வாரக் கணக்கு: காய்கள்

முருங்கைக்காய் மலிந்திருக்கும் நாட்களில் அதை விடாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் ஒரு காய்க்குக் கேட்கும் விலைக்கு இப்போது ஒரு கட்டே வரும் நாட்கள் உண்டு. விதை புடைத்து வெளியே தெரிவது முற்றல். முறுக்கினால் லேசாக வளைந்து கொடுப்பது பதம். துண்டு போட்டுத் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வாரம் தாங்கும். வெயிலில் வதங்கிய காயின் தோல் நாராகும்.

சுரைக்காய் இளசாக, நகம் பதியும்படி இருக்க வேண்டும். சமைக்குமுன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிட வேண்டும். சுரைக்காயின் கசப்பு நச்சு. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. உப்பும் புளியும் போட்டுச் சரிக்கட்டலாம் என்று நினைக்கவே கூடாது. பீர்க்கு, புடலைக்கும் இதே விதி.

பரங்கியும் வெள்ளைப்பூசணியும் காம்போடு முழுதாக இருந்தால் வாரக் கணக்கையும் தாண்டும். வெள்ளைப்பூசணியின் மேல் சாம்பல் படர்ந்திருப்பது முதிர்ச்சிக்கு அடையாளம், அதைத் துடைக்காமல் வையுங்கள். கத்திரிக்காயில் காம்பின் பச்சையும் முள்ளின் கூர்மையும் புதுமைக்குச் சான்று. வேலூர்ப் பக்கம் போனால் இலவம்பாடி முள்ளுக்கத்திரியைக் கேளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது. எண்ணெய்க்கத்திரிக்கு அதுதான். தக்காளியை மட்டும் கோடையில் அளவாக வாங்குங்கள். கடும் வெயிலில் பூ உதிர்ந்து காய்ப்பு குறைவதால் விலை நிலையாக இருக்காது. புளிக்குழம்பும் மாங்காய்ச் சாம்பாரும் இருக்கும்போது தக்காளிக்கு ஏன் அலைய வேண்டும்?

ஆறாம் படி: ஆண்டுக் கணக்கு

இதற்கு உழவர் சந்தையோடு ஊர் வாரச்சந்தையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புளி, மிளகாய் போன்றவை அங்கேதான் மூட்டையாக வரும்.

மாவடு வாங்கும்போது ஒரே அளவில், காம்போடு, அடிபடாமல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கிலோ வடுவுக்கு ஏறத்தாழ 200 கிராம் கல் உப்பு, 50 கிராம் மிளகாய்வற்றல், 25 கிராம் கடுகு, ஒரு சிட்டிகைக்குக் கூடுதலாக மஞ்சள், இரண்டு தேக்கரண்டி விளக்கெண்ணெய். வடுவைக் கழுவி ஈரமே இல்லாமல் துடைத்து, காம்பைச் சிறிது விட்டுக் கிள்ளுங்கள். முதலில் விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, பிறகு உப்பும் அரைத்த பொடியும் சேர்த்து ஜாடியில் போடுங்கள். தினமும் குலுக்கிவிட்டால் மூன்று நான்கு நாட்களில் தானே தண்ணீர் விடும். தோல் சுருங்கிச் சாற்றில் அமிழ்ந்தபின் இரண்டு மூன்று வாரத்தில் எடுக்கலாம். ஈரக்கரண்டி ஒருமுறை பட்டாலும் பூஞ்சை வரும்.

புதுப்புளி வெளிர் செம்பழுப்பாக இருக்கும். கறுத்தது பழைய புளி. தோடு, நார், கொட்டை நீக்கியதன் விலையையும் நீக்காததன் விலையையும் ஒப்பிடும்போது கொட்டையின் எடையைக் கழித்துப் பாருங்கள். வீட்டில் இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, கல் உப்புத் தூவி, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அடுக்கடுக்காக அழுத்தி வையுங்கள். அலுமினியம், இரும்புப் பாத்திரம் கூடாது, புளிப்பு அரித்துவிடும்.

மிளகாயில் ராமநாதபுரம் முண்டு 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த மாவட்டத்து அறுவடை கோடையின் முன்பகுதியில் சந்தைக்கு வரும். உருண்டையாக, தோல் தடித்து, குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். நெகிழ்ந்து வளைந்தால் ஈரம் இருக்கிறது, மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சின்ன வெங்காயத்தையும் இப்படியே பாருங்கள்: கழுத்து உலர்ந்து, தோல் சரசரக்க வேண்டும். புதிதாகப் பிடுங்கிய ஈர வெங்காயம் அன்றாடச் சமையலுக்குச் சரி, சேமிப்புக்கு ஆகாது. காற்றோட்டமான இடத்தில் பரப்பி வையுங்கள், உருளைக்கிழங்கோடு சேர்க்க வேண்டாம்.

வற்றலுக்கு மே மாத மொட்டைமாடி. மோர்மிளகாய்க்குக் குட்டையான, தோல் தடித்த பச்சை மிளகாயை வாங்கிக் காம்போடு நுனியில் கீறி, புளித்த மோரில் தாராளமாக உப்புப் போட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து பகலில் மிளகாயை மட்டும் வெயிலில் உலர்த்தி, மாலையில் மீண்டும் அதே மோரில் போட வேண்டும். மோர் முழுவதும் வற்றும் வரை இப்படியே செய்து, கடைசியில் கலகலவென்று காயவிடுங்கள். மாங்காய்த் துண்டுகளை உலர்த்தும் மாவற்றலும் இதே முறைதான், மோருக்குப் பதில் உப்பும் மஞ்சளும் பிசிறியதில் துண்டுகள் விட்ட தண்ணீர். கொத்தவரை, சுண்டை, மணத்தக்காளி, கத்திரி எல்லாவற்றையும் மலிந்த வாரத்தில் வாங்குங்கள். வற்றலுக்கென்று உச்ச விலையில் வாங்கினால் கடையில் விற்கும் பொட்டலமே மலிவாகிவிடும். முன்பின் செய்யாதவர்கள் முதல் ஆண்டில் மோர்மிளகாய், மாவற்றல் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்ததும்

பையை அப்படியே மூலையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனால் பாதி உழைப்பு வீண். முதலில் கீரையை வெளியே எடுங்கள். வெள்ளரி, கத்திரி, மாங்காய், வாழைக்காய் ஆகியவை கடுங்குளிர் ஒத்துக்கொள்ளாதவை. நிழலில், ஈரத்துணி போர்த்திய கூடையில் இரண்டு மூன்று நாட்களுக்கு இருக்கலாம். வெண்டை, கொத்தவரை, பச்சை மிளகாய், முருங்கை ஆகியவற்றை ஈரம் துடைத்துத் துணிப்பையில் போட்டுக் குளிரில் வையுங்கள். மிளகாய்க் காம்பைக் கிள்ளி வைத்தால் கூடுதலாகத் தாங்கும். எலுமிச்சை மலிவாகக் கிடைத்தால் சாற்றைப் பிழிந்து உறையவைப்பது நல்ல ஏற்பாடு. வாங்கும்போது மெல்லிய தோலும் கனமும் பாருங்கள், பளபளப்பைப் பார்க்க வேண்டாம்.

ஆனி பிறந்து முதல் மழை விழுந்தபின் வரும் நீலம் மாம்பழத்தை வாங்கும்போது கொஞ்சம் கவனம் தேவை. மழைக்குப் பின் பழ ஈ பெருகும். நீலத்தில் கொட்டைக்குள் வண்டு இருப்பதும் வழக்கம். அதனால் கிலோக்கணக்கில் அள்ளாமல் இரண்டு நாளைக்கு ஆனதை மட்டும் வாங்கி, கடித்துச் சாப்பிடாமல் நறுக்கிச் சாப்பிடுங்கள். அதே வாரத்தில் புளிப்பானை, வடு ஜாடி, வற்றல் டப்பா எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்த்து, ஈரம் ஏறியிருந்தால் மேகம் மூடுமுன் ஒரு நாள் வெயிலில் போட்டு எடுங்கள்.